பிள்ளையைக் கட்டிய கயிறு

என் செல்லத் தங்கச்சி புஷ்பத்துக்கு,

பாம்பனிலிருந்து உன் கதீஜா அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. உன்னைத் தன்னிடம் அழைத்துக்கொண்டவன் நன்றாகத்தான் வைத்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஊரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டட்டும்.

ஜெயித்துவிட்டோம், புஷ்பம்!

நம் பாலர் பள்ளி இனி எங்கேயும் போகாது. வட்டார அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்துக் காரைக் கட்டடத்துக்கு மாற்றுகிற பேச்சு முடிந்தது. எங்கள் கயிற்றுக் கடைக்குப் பின்னால், வள்ளத்துக்குப் பாய் தைக்கிற அதே கொட்டகையில்தான் பள்ளி. கோதுமை ரவையும் பால் பவுடரும் இங்கேயே வந்து இறங்கும். கூடை தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகிற உன் தெருப் பெண்கள், போகிற வழியில் பிள்ளையை விட்டுவிட்டு, வருகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்டேஷன் பக்கம் போயிருந்தால் அத்தனை தூரம் யார் நடந்து போய் விடுவார்கள்? பிள்ளைகள் திரும்பவும் கயிற்றுக்குத்தான் போயிருப்பார்கள். உனக்குத் தெரியாததா?

அந்தக் கயிற்றை வாங்கத்தானே நீ முதன்முதலில் வந்தாய்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவில் நின்றாய். இடுப்பில் அமலி, தலையில் வெறுங்கூடை. "அக்கா, மெத்துன்னு ஒரு கயிறு குடுங்க. தேங்காநாரு வேண்டாம், அறுக்கும்" என்றாய். ஆட்டுக்குட்டிக்கா என்று கேட்டேன். "ஆமா, இந்த ஆட்டுக்குட்டிக்குத்தான்" என்று அமலியின் காலைத் தூக்கிக் காட்டினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "வீட்டு வாசல்ல கெடக்கு கடலு. நான் கூடையத் தூக்கிட்டுப் போனா இவ நேரா அதுக்குள்ள போறா. தூண்ல கட்டிப்போடாம என்ன செய்ய?" என்றாய்.

பருத்தி நூலில் முறுக்கிய கயிற்றை அளந்து கொடுத்தேன். மறுநாள் உன் தெருப் பக்கம் போய்வந்த உன் மச்சான், என் வீட்டுக்காரர், சொன்னார்: "தூணுக்குத் தூணு ஒரு பிள்ளை கட்டிக் கெடக்கு கதீஜா. எல்லாம் நம்ம கடைக் கயிறு." அன்றைக்கு அஸர் தொழுகையில் எனக்கு மனம் நிற்கவேயில்லை. விற்ற சரக்குக்கு நாமும் பதில் சொல்லியாக வேண்டுமல்லவா? நீ அடுத்த முறை வந்தபோது, "பிள்ளையை இங்கே விட்டுட்டுப் போ. நான் பாய் தைக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்" என்றேன். ஒரு பிள்ளைக்குச் சொன்னேன். நீ தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாய்!

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு வழி தெரியாது. ஓதுகிற பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. தமிழ் எழுத்தைச் சரக்குச் சாக்குகளின் மேல் அச்சுக் குத்தியிருந்ததை விரலால் தடவித் தடவித்தான் நானாகப் பிடித்தேன். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்கும் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் கிழிந்த பாய்த்துணியில் கயிற்றை வளைத்துத் தைத்து எழுத்துச் செய்தேன். ட, ப, ம எல்லாம் ஒழுங்காக வந்தன. அமலியின் பெயருக்கு அ வேண்டும் என்று நீ கேட்டாய். தேங்காய்நார்க் கயிறு அந்தச் சுழிக்கு வளையவே இல்லை.

"இந்த எழுத்து என்னக்கா இப்படிக் குடலு மாதிரி சுத்துது? நேரா நிக்கிற எழுத்தே கெடையாதா?"

"ட இருக்கு."

"அப்ப டமலின்னு பேரு வச்சுருக்கலாம். இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாது?"

நான் சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். நீ எழுந்து போய், உன் வீட்டுத் தூணிலிருந்து அந்தப் பருத்திக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாய். அமலியின் காலில் கிடந்து கிடந்து அது பூப்போல இருந்தது. "இதுல எழுதுங்க. இனிமே இது வேற எதுக்கு?" என்றாய். அது சொன்ன இடத்தில் சுழித்தது, சொன்ன இடத்தில் நின்றது. அதை நான் துணியில் தைக்கவில்லை. பிள்ளையே எடுத்து வளைத்து அ போடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் கத்தரிப்பது, நீ குறை சொல்வது. அதுதான் நம் தொழில். பனையோலையில் மீன் செய்தால், "இது என்ன மீனு? செத்து மூணு நாளாச்சா?" என்பாய். பாரைக்கு வால் கவைபோல் பிளந்திருக்க வேண்டும், காரலுக்கு வயிறு பளபளக்க வேண்டும் என்று நச்சரித்து, பீடிக்கட்டு சுற்றி வந்த மினுக்குத் தாளை ஒட்ட வைத்தாய். சிரட்டையில் நண்டு. ஓட்டைக் குடைத் துணியில், கையில் மாட்டி ஆட்டுகிற கறுப்புப் பூனை. அதற்குக் கண்ணாக உன் மச்சானின் சட்டைப் பொத்தான் இரண்டு. அவர் பொத்தானில்லாத சட்டையோடு கொட்டகை வாசலில் வந்து நின்று, "கடைத் துணியெல்லாம் மீனாப் போச்சு. இத எந்தக் கணக்குல எழுதுறே?" என்று கேட்டார். தர்மக் கணக்கில் என்றேன். "என் பொத்தானையும் அதுலயே எழுதிக்க" என்று போய்விட்டார்.

பூனைக்கு உயிர் கொடுத்தது நீ. அது மீன் திருடும் பூனை. சனிக்கிழமைதோறும் மாதா கோயில் சாமியாரிடம் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும். ஓலைப்பாயில் ஏழு மீனைப் பரப்புவாய். பூனை மூன்றை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைக்கும். சாமியார் குரலில் "எத்தனை மீன் திருடினாய் மகனே?" என்பாய். பூனைக் குரலில், "ஒண்ணே ஒண்ணுதான் சாமி!" பாயில் கிடக்கிற நாலு மீனைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கொட்டகை அதிர, "பொய்யி! மூணு!" என்று கத்தும். சாமியார் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று நான் பயந்தேன். "அவருக்கே செஞ்சு காட்டிட்டேன் அக்கா. சிரிச்சுட்டு, பூனைக்கு என்ன பிராயச்சித்தம் குடுத்தேன்னு கேட்டாரு" என்றாய்.

அப்படித்தான் நம் கொட்டகைப் பேச்சு வட்டார அலுவலகம் வரை போனது. பாலர் பள்ளியாகச் சோதனைக்கு நடத்திப் பாருங்கள், பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொண்டால் இங்கேயே வைக்கலாம், இல்லாவிட்டால் ஸ்டேஷன் பக்கம் என்றார்கள். நீ துள்ளினாய். அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி நான் என்ன எழுத? உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு பூனையைக் கையில் மாட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் பூனையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்கள். கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் கழித்தல் கணக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே. கடைக் கணக்கு எழுதுகிறவள் நான். போனது, வந்தது, மீதி. எனக்குத் தெரிந்த கழித்தல் அதுதான். பாய்த்துணியில் நீலம் போட்டுக் கடல் செய்தேன். மிதப்புக் கட்டையைச் செதுக்கி, துணிப் பாய் கட்டி, ஐந்து வள்ளம் செய்தேன். எவ்வளவு அழகு தெரியுமா? பிஸ்மி சொல்லித் தொடங்கி, வாரம் முழுக்கச் செய்தேன். பிறகு பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, "அஞ்சு வள்ளம் கடலுக்குப் போச்சு. நாலு திரும்பி வந்துச்சு. மீதி எத்தனை?" என்று கேட்டேன்.

மறுநாள் கொட்டகைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. உன் அமலிகூட.

வந்தது உன் மதினி அந்தோணியம்மா. உன் வீட்டுக்காரனின் அக்கா வாயைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? கதவில் நின்றபடியே தொடங்கினாள்.

"ஏன் பீவி, எங்களுக்கு வள்ளத்துக்குக் கயிறு விக்கிறீகளா, தூக்குக் கயிறு விக்கிறீகளா?"

"என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? எந்தம்பி வலைய எடுத்துக்கிட்டுக் கெளம்புறான். இந்தச் சின்னது குறுக்க நின்னு, அஞ்சு போயி நாலு வந்தா ஒண்ணு மீதிங்குது. அவன் வலையக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டான். தெருவுல ஒருத்தரும் கடலுக்குப் போகல. எந்தக் கடக்கரையில கேட்டீக இந்தக் கணக்க? போனத எண்ணக் கூடாது, பீவி. வந்தத எண்ணணும்."

கரையில் இத்தனை வருஷம் கயிறு விற்றிருக்கிறேன். கடலுக்குப் போன வள்ளத்தை வீட்டில் யாரும் எண்ணமாட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சரக்குக்கு மீதி உண்டு. ஆளுக்கு மீதி உண்டா? நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் கத்தரியை எடுக்கும்போதே கையைப் பிடித்திருப்பாய்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல், நீலத் துணியையும் வள்ளங்களையும் குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்துப் பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "கட்டு நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தாள். பிறகு, "புஷ்பத்தோட பூனைய எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக? களவாணிப் பூனைதான் கழிக்கணும். கடலு கழிக்கக் கூடாது" என்றாள்.

இதற்கு மேல் ஒரு பாடம் உண்டா புஷ்பம்? பூனையை வெளியே எடுத்தேன். வள்ளங்களையும் தூக்கி எறியவில்லை. அவை இனிக் கரைக்கு மட்டும் வரும். ஒரு வள்ளம் வந்தது, இன்னொன்று வந்தது, ஆக எத்தனை? கூட்டல் முழுக்கக் கடலுக்கு, கழித்தல் முழுக்கப் பூனைக்கு. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். என் பூனைக் குரல் ஆட்டுக் குரலாக இருக்கிறது என்று அமலி என் கையிலிருந்து பூனையைப் பிடுங்கி, "ஒண்ணே ஒண்ணுதான் சாமி!" என்றாள். உன் குரல், அச்சு அசலாக! அப்புறம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, "பொய்யி!"

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

வட்டார அலுவலகத்து அம்மா வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரி கடலுக்குப் போன வள்ளங்கள் விடிந்தும் திரும்பவில்லை. புயல் இல்லை, மழை இல்லை. காற்று செத்துவிட்டது. பாய் தொங்குகிற வள்ளம் எப்போது கரை சேரும் என்று யாருக்குத் தெரியும்? உன் வீட்டுக்காரன் சூசையும் அதில் இருந்தான். பெண்கள் யாரும் கூடை எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் முக்காடும் கொண்டையுமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லலாமா என்று நினைப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

நல்ல அம்மா, குறை சொல்லக் கூடாது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். "பெரியவங்க யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கயிற்று எழுத்துகளை ஒவ்வொரு பிள்ளையும் தடவிப் படித்தது. சிரட்டை நண்டுக்கு எத்தனை கால் என்று எண்ணியது. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. எனக்கும் தெம்பு வந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த நீலத் துணியைப் பார்த்துவிட்டார்.

"அட, எவ்வளவு அழகான படகு!" என்று எடுத்து விரித்தார். ஐந்தையும் கடலில் வைத்தார். இரண்டைக் கரைக்கு இழுத்தார். அவர் வாயைத் திறக்கும்போதே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்ட அதே கேள்வி.

"ஐந்து படகு கடலுக்குப் போச்சு. இரண்டுதான் திரும்பி வந்தது. மீதி எத்தனை?"

ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. சற்று முன்வரை முந்திக்கொண்டு கத்திய பிள்ளைகள், புஷ்பம்! வாசலில் யாரோ "மாதாவே" என்றார்கள். அவர் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கேட்டார்: "எத்தனை படகு வரவில்லை? யாருக்காவது தெரியுமா?" பேனாவை எடுத்தார். கணக்குத் தெரியவில்லை என்று எழுதப்போகிறார். எடுத்துச் சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். திறந்தாலும், வள்ளம் வராத அந்தக் காலையில், அந்தப் பெண்கள் காதுபட, எதைச் சொல்ல? கண்ணை மூடி, யா அல்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அமலி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"வரலைன்னு சொல்லக் கூடாது" என்றாள் அந்த அம்மாவிடம். "மூணு வந்துக்கிட்டு இருக்கு."

அவர் பேனா நின்றது. "மூணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அமலி நீலத் துணிப் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தாள். கரையில் இருந்ததைத் தொட்டு, "இது ரெண்டு" என்றாள். பிறகு கடலில் இருந்ததை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், பாய் சாயாமல் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். "மூணு. நாலு. அஞ்சு. அம்புட்டும் வந்துருச்சு." கையைத் தட்டி மண்ணை உதறினாள்.

அந்த அம்மா பிள்ளையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க கடலில் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"வந்துக்கிட்டு இருக்காக" என்றாள் அந்தோணியம்மா.

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "தப்பாக் கேட்டுட்டேன் அமலி" என்றார். உன் மகள் பெரிய மனுஷியாக, "எங்க பெரியம்மாவும் இப்படித்தான் கேட்டுச்சு. பூனைட்டக் கேளுங்க" என்று பூனையை அவர் கையில் மாட்டிவிட்டாள். அரசாங்கத்து அம்மா ஐந்தாறு முறை மீன் திருடினார். ஒரு முறைகூடப் பிள்ளைகளிடம் தப்பிக்க முடியவில்லை!

கிளம்பும் முன் அமலியிடம், உன் பெயரில் முதல் எழுத்துப் போடத் தெரியுமா என்றார். அவள் அந்தப் பருத்திக் கயிற்றை எடுத்து வந்தாள். தரையில் வைத்து, சுழித்து, இறக்கி, இழுத்து, அ போட்டாள். கயிறு எங்கே வாங்கியது என்று அவர் கேட்டார். "எங்கம்மா குடுத்தது" என்றாள் அமலி.

ஜீப் ஸ்டேஷன் பக்கம் திரும்பி மறையக்கூட இல்லை, அதற்குள் கரையில் கூச்சல் கேட்டது. கொண்டல் காற்று எழும்பிவிட்டது. பாய்கள் புடைத்துத் தெரிந்தன. யாரும் எண்ணவில்லை. எல்லாம் கரை ஏறிய பிறகுதான் அந்தோணியம்மா வாய்விட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்தாள். சூசை நேராகக் கொட்டகைக்கு வந்து வாசலில் ஒரு பாரையைப் போட்டுவிட்டு, அமலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். நீ சொன்னது சரிதான் புஷ்பம். பாரைக்கு வால் நன்றாகத்தான் பிளந்திருக்கிறது.

உத்தரவு வந்ததிலிருந்து இங்கே ஒரு சண்டை ஓடுகிறது. ஏர்வாடி தர்காவுக்கு நான் நேர்ந்துகொண்டதால்தான் நடந்தது என்கிறேன் நான். சந்தியாகப்பர் கோயிலில் தான் ஏற்றிய மெழுகுவர்த்தியால்தான் என்கிறாள் உன் மதினி. நீ அங்கேயே இருக்கிறாயே, யாருடையது முதலில் போய்ச் சேர்ந்தது என்று விசாரித்து வை. இன்னொன்று, கடைக்குப் புதுக் கிலோக் கல் வந்துவிட்டது. அவள் இன்னும் பழைய சேர்க் கணக்கில்தான் என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். நம் பிள்ளைகளுக்குக் கிலோவும் சொல்லித்தர ஒரு தராசு செய்து கொண்டிருக்கிறேன், சிரட்டையில்.

கடைசியாக என் வாக்கு. உன் மச்சானிடமும் சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டிவிட்டார். வள்ளத்துக்கு, வலைக்கு, ஆட்டுக்கு, தொட்டிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எங்கள் கடையில் கயிறு கிடைக்கும். ஆனால் இடுப்பில் பிள்ளையோடு கதவில் வந்து நின்று, மெத்தென்று ஒரு கயிறு கேட்கிறவளுக்கு இனி இங்கே கயிறு கிடையாது. "கயிறு இல்லம்மா, பிள்ளையக் குடுத்துட்டுப் போ" என்பேன். நான் இல்லாத காலத்திலும் அந்தக் கதவில் அதைச் சொல்ல ஒருத்தி இருப்பாள். அவளுக்கு இப்போதே அ போடத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அமலிக்குப் பெரியம்மா,
கதீஜா